வத்சன் பெயரில் ஓர் அறை

எஸ்தருக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று தாபோடியில் எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மூக்கு நுனியில் வரும் கோபம் வந்த வேகத்தில் இறங்கிவிடும். இவளுடையது உள்ளே இறங்கி, பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும். ஐந்தாம் வகுப்பில் இவள் சடையைப் பிடித்து இழுத்தவளுக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானமும் நடந்தது. எஸ்தர் அந்த விருந்துக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் சடை விஷயத்தைச் சொன்னாள்.

அப்பா ஜெயசீலன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து, ராணுவ இன்ஜினியரிங் கல்லூரிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தியும் மராத்தியும். எஸ்தரின் வாயில் மூன்றும் ஒரே பாத்திரத்தில் வெந்தன. உருளைக்கிழங்கு அவளுக்கு பட்டாட்டா, பை தைலி, குழாய் நல். அங்கே பிறந்த தமிழர்கள் யாரும் இதை ஒரு குறையாக நினைத்ததில்லை. குறை என்று கண்டுபிடிக்க மெட்ராஸிலிருந்து ஒருவன் வரவேண்டியிருந்தது.

தொண்ணூற்றொன்பதில் டிப்ளமா முடித்த கையோடு கேம்ப் கடைத்தெருவில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். ஊரிலுள்ள கடைகள், பள்ளிக்கூடங்கள், ட்ராவல்ஸ்காரர்கள் இவர்களுடைய வெப்சைட்டுகளைத் தன் மெஷின்களில் வைத்து ஓட்டித் தருவதுதான் கம்பெனியின் தொழில். செருப்புக் கடைக்கு மேலே, மர மாடிப்படி ஏறிப் போகவேண்டும். முதலாளி ஹோமி சேட் பார்ஸிக்காரர். வேலைக்கு வரும் பெண்களையெல்லாம் ‘டிக்ரி’ என்று கூப்பிட்டு மகளாக்கிவிடுவார், சம்பளத்தை மட்டும் மருமகளுக்குக் கொடுப்பதுபோல் கொடுப்பார். எஸ்தர் கஸ்டமர்களின் போனை எடுப்பாள், செத்த மெஷினைக் கழற்றிப் புதியதை மாட்டுவாள், மிச்ச நேரத்தில் சண்டை போடுவாள். இப்படியே ஏழெட்டு வருஷம் போயிற்று.

இரண்டாயிரத்து ஆறில் ஸ்ரீவத்சன் வந்தான். மாம்பலத்துப் பையன், எஸ்தரைவிட ஐந்து வயது சின்னவன், வந்தவுடனே அவளுக்கு மேலதிகாரி. அவன் பின்னாலேயே பார்கவி என்ற பெண்ணும் மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்தாள். வந்த வாரத்தில், மெஷின் அறையிலிருந்து எஸ்தர் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

“மூணாவது மெஷின் பந்த் ஆயிடுச்சு. அந்தக் கல்யாண ஹால்காரன் போன்ல கத்துறான்.”

ஸ்ரீவத்சன் நாற்காலியைத் திருப்பினான். “என்ன ஆயிடுச்சு?”

“பந்த் ஆயிடுச்சு. நின்னுபோச்சு.”

“பந்த் ஆயிடுச்சாம், பார்கவி. நம்ம ஊர்ல பந்த்னா பஸ்ஸை எரிப்பாங்க. இங்க மெஷின் ஆகுது.”

பார்கவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. வேறு யாராவது இருந்தால் கூடச் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். எஸ்தர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய் உள்ளே, சடை இழுத்தவளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

மறு வருஷம் கண்டெய்னர் வந்தது. கப்பலில் ஏற்றுகிற இரும்புப் பெட்டியில்லை, இது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பெட்டி. அதுவரை ஆளுக்கு ஒரு மெஷின் என்று கஸ்டமர்களை வைத்திருந்தார்கள். இனி ஒரே பெரிய மெஷினை வாங்கி, அதற்குள்ளேயே தனித்தனி அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒருவரைக் குடிவைக்கலாம் என்றான் ஸ்ரீவத்சன். தாபோடியின் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கூரை ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, கதவுகள் மட்டும் தனித்தனி. கதவைச் சாத்திக்கொண்டவன் முழு வீடும் தனக்கென்று நினைத்துக்கொள்வான். அறைக்குள் போய்க் குழாயை மூடினால் அந்த அறைக்குத்தான் தண்ணீர் நிற்கும். வெளியே தொட்டியடியில் நின்று மூடினால் அத்தனை வீடும் காய்ந்துபோகும். மெஷினிலும் அதே கதைதான். அந்த வெளி இடத்துக்கு ஹோஸ்ட் என்று பெயர். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து கட்டளையை அடிக்கவேண்டும். வித்தை மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

மெஷின்கள் குறைந்தால் ஆளும் குறையுமே. ஹோமி சேட் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: புது மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஸ்ரீவத்சனும் இன்னும் ஒருவரும் போதும். அந்த இன்னொருவர் எஸ்தரா பார்கவியா என்பதை மழைக்காலம் முடிந்ததும் தன் கண்ணெதிரே வேலை செய்ய வைத்து முடிவுசெய்வார். தோற்றவர் போனோடு இருக்கலாம், கம்பெனிக்குப் போன் தேவைப்படும்வரை.

எஸ்தர் ஸ்ரீவத்சனிடம் போனாள். “பழகறதுக்கு ஒரு மெஷின் வேணும்.”

“ஒரு டெஸ்ட் மெஷின்தான் இருக்கு. அதுல பார்கவி பழகறா.”

“அவ மட்டும்தான் பழகணுமா? நான் என்ன, மாடிப்படி பெருக்க வந்தவளா?”

“எஸ்தர், உங்களுக்கு எதுக்கு இந்த டென்ஷன்? போன்ல உங்களை மாதிரி யாராலயும் பேச முடியாது. கஸ்டமரே பயப்படறான்.”

“பயப்படட்டும். நீங்களும் கொஞ்சம் பயப்படுங்க, உடம்புக்கு நல்லது.”

அவன் சிரித்துக்கொண்டே திரையின் பக்கம் திரும்பிவிட்டான். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது அவளுக்கு. நேரே ஹோமி சேட்டிடம் போய், பின்கட்டில் குவித்துப்போட்ட பழைய மெஷின்களில் ஒன்றைக் கேட்டாள். “குப்பைதானே டிக்ரி, தூக்கிக்கொண்டு போ, எனக்கு இடமாவது மிஞ்சும்” என்று ஹிந்தியில் சொன்னார். இரண்டு பிணங்களைக் கழற்றி ஒரு உயிர் செய்து, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு தாபோடிக்குப் போனாள்.

வீட்டில் அந்த மெஷினுக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது: சமையலறையில், கிரைண்டருக்குப் பக்கத்தில். கனமான ப்ளக் செருகும் துளை அங்கே மட்டும்தான். தம்பி பெண்டாட்டி அமலா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“மதினி, இது அடுப்பங்கரை. உங்க ஆபீஸ் இல்ல.”

“தெரியும். ஆபீஸ்ல இவ்ளோ அழுக்கு இருக்காது.”

“ஏட்டி எஸ்தர், என்னட்டி இது, ரைஸ் மில்லு மாதிரி இரையுது?” என்று கூடத்திலிருந்து ஜெயசீலன் கத்தினார். “டிவியில ஒரு எழவும் கேக்க மாட்டங்கு.”

“காதுல போய்ப் பஞ்சு வைங்கப்பா.”

“டிவி கேக்கலங்கேன், காதுல பஞ்சு வைக்கச் சொல்லுதா பாரு!”

பழகுவதற்கு ஓர் இடம் அமைப்பது, பழகுவதைவிடப் பெரிய பாடாக இருந்தது. மாதப் பத்திரிகையோடு இனாமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸை ஏற்றினாள். அறை தடுக்கும் வித்தை அந்த லினக்ஸில் கிடையாது. அதற்கு மெஷினின் அடிவயிற்றையே மாற்றவேண்டும், கர்னல் என்பார்கள். அதற்கான கோப்புகளைப் பிம்ப்ரியில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து இறக்கி, சிடியில் எழுதிக் கொண்டுவந்தாள். பழைய மெஷினில் ஒரு புதுக் கர்னலைச் சமைத்து எடுக்க ஒரு பகல் முழுக்க வேண்டும். அந்த வருஷம் லோட் ஷெட்டிங் தலைவிரித்தாடியது. முக்கால்வாசி வெந்திருக்கும்போது கரண்ட் போகும், எல்லாம் மாவாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. மின்வாரியத்தின் ஏழு தலைமுறையை எஸ்தர் மராத்தியில் திட்டினாள். இந்த மாதிரி விஷயத்துக்கு மராத்திதான் சரிப்பட்டு வரும் என்பது அவள் அபிப்பிராயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் போகவேயில்லை. எல்லாம் முடிகிற தறுவாயில் அமலா வந்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

“அடிப்பாவி!”

“நாளைக்கு இட்லி வேணுமா வேணாமா? அரிசி காலையிலேருந்து ஊறிட்டுக் கிடக்கு.”

“உன் இட்லியில இடி விழ! ஒரு நா பூரா போச்சுடி!”

“உங்களுக்கு அது ஒண்ணுதான் பொழப்பு. எனக்கு இந்த வீட்ல அஞ்சு பேருக்கு ஆக்கணும். ஒரு நா கரண்டியைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க.”

அமலா சொன்னது நியாயம்தான். எதிராளி பக்கம் நியாயம் இருந்தால் எஸ்தருக்குக் கோபம் இரட்டிப்பாகும். மூன்று நாள் அந்த இட்லியைத் தொடவில்லை.

கடைசியில் ஒருநாள் கர்னல் வெந்தது. மெஷின் புது வயிற்றோடு எழுந்து நின்றது. அறைகளைத் தடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கவேண்டும். எஸ்தர் யோசிக்கவேயில்லை. முதல் அறைக்கு ‘வத்சன்’ என்று அடித்தாள். இரண்டாவதற்கு ‘பார்கவி’. மூன்றாவதற்கு ‘அமலா’. சடை இழுத்தவளுக்கும் ஒன்று கிடைத்தது. ஒவ்வோர் அறையிலும் ஒரு சின்ன வெப்சைட்டைக் குடிவைத்தாள். நான்கு பேரும் அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் இதுதான் வேலை. லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, முகம் கழுவி, அடுப்பங்கரைத் தரையில் சப்பணம் போட்டு உட்காருவாள். வத்சன் அறைக்குள் நுழைவாள், எதையாவது கெடுப்பாள், சரிசெய்வாள், வெளியே வருவாள். பார்கவிக்கு இடத்தைக் குறைத்து மூச்சுத் திணற வைப்பாள், பிறகு போனால் போகிறதென்று கொடுப்பாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எஸ்தருக்கோ ஆத்திரம்தான் வாத்தியார். வெறும் பாடமென்றால் பத்து நாளில் அலுத்திருக்கும். வத்சனின் வயிற்றில் கைவிட்டு நோண்டுவது எப்படி அலுக்கும்?

முடிக்கும்போது ஒரு சடங்கு உண்டு. அறைகளை ஒழுங்காக ஒவ்வொன்றாக மூடுவதுதான் முறை. எஸ்தர் அப்படிச் செய்யமாட்டாள். அறையை விட்டு ஹோஸ்டுக்கு வந்து, தொட்டியடியில் நின்று, எல்லா வெப்சைட்டையும் கொல்லும் ஒரே ஒரு வரியை அடிப்பாள். எண்டரைத் தட்டியதும் நான்கு அறையும் ஒரே மூச்சில் சாகும். “சாவுங்கடா” என்று மெல்லச் சொல்லிக்கொண்டு எழுந்துபோய்ச் சாப்பிடுவாள். சாப்பாடு அப்போதுதான் இறங்கும். மறுநாள் வந்து எழுப்பிவிடுவாள், மறுபடி கொல்வதற்காக. நாளடைவில் அந்த வரிக்கு மூளை தேவைப்படவில்லை. அறையை விட்டு வெளியேறியதும் விரல்களே அதை அடித்துவிடும். சிலுவை போட்டுக்கொள்கிற கை மாதிரி அது பாட்டுக்கு நடந்தது.

மழை ஓய்ந்தது. ஹோமி சேட் நாள் குறித்தார்.

புது மெஷினில் ஏற்கெனவே பாதிக் கஸ்டமர்கள் குடியேறியிருந்தார்கள். மெஷின் அறைக்கு வெளியே ஒரு மேஜை, ஒரு திரை. ஹோமி சேட் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஸ்ரீவத்சன் சுவரில் சாய்ந்து நின்றான். முதலில் பார்கவி. ஒரு பள்ளிக்கூடத்தின் வெப்சைட் தகராறு செய்துகொண்டிருந்தது. அவள் தாளில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சரிசெய்தாள். அடுத்தது எஸ்தர். ட்ராவல்ஸ்காரன் ஒருவனின் வெப்சைட் அடியோடு நின்றிருந்தது.

எஸ்தர் உட்கார்ந்தாள். தாள் இல்லை, தயக்கம் இல்லை. அறைக்குள் நுழைந்தாள், எது அடைத்திருக்கிறது என்று பார்த்தாள், எடுத்தெறிந்தாள், ஓடவிட்டாள். பார்கவி எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. ட்ராவல்ஸ்காரனின் மகாபலேஷ்வர் மலைப் படங்கள் திரையில் வந்து நின்றன.

“ஷாபாஷ் டிக்ரி!” என்றார் ஹோமி சேட். தொடையில் தட்டிக்கொண்டு ஸ்ரீவத்சனைப் பார்த்தார். “இந்தப் பெண்ணையா நீ போனில் உட்கார வைக்கச் சொன்னாய்? திங்கட்கிழமையிலிருந்து இவள்தான்.”

பார்கவியின் முகம் சுண்டிப்போனது. எஸ்தர் அதைக் கண்ணாரக் கண்டாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே அடுப்பங்கரையில் கிடந்தோம் என்று நெஞ்சு நிறைந்தது. அறையை விட்டு வெளியே வரும் கட்டளையை அடித்தாள். ஹோஸ்டில் நின்றாள்.

பின்னாலிருந்து ஸ்ரீவத்சன் சொன்னான்: “பரவாயில்லையே எஸ்தர். எதுவும் பந்த் ஆகாம முடிச்சுட்டீங்களே.”

அவன் குரலில் விஷம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. பாராட்ட வந்து, பாராட்டத் தெரியாமல் சொன்ன சொல். ஆனால் எஸ்தருக்குக் காதில் அந்தக் குரல் விழுந்தது, கண்ணெதிரே ஹோஸ்ட் இருந்தது, வேலை முடிந்திருந்தது. விரல்கள் சாயங்காலம் என்று நினைத்துக்கொண்டன. அந்த ஒற்றை வரியை அடித்து எண்டரைத் தட்டிவிட்டன.

மகாபலேஷ்வர் போயிற்று.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் கூடத்தில் போன் அடித்தது. அது நிற்பதற்குள் இன்னொன்று. பள்ளிக்கூடம், கல்யாண ஹால், மருந்துக் கடை, நகைக் கடை, அந்தப் பெரிய மெஷினில் குடியிருந்த அத்தனை பேரும் ஒரே மூச்சில் நின்றுபோயிருந்தார்கள். எஸ்தரின் கை விசைப்பலகையின் மேல் அப்படியே இருந்தது. எழுப்பத் தெரியாதவளா? தினமும் எழுப்பியவள்தானே! ஆனால் விரல் அசையவில்லை. ஸ்ரீவத்சன் அவள் தோளுக்கு மேலே கையை நீட்டி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, நின்றபடியே ஒவ்வோர் அறையாக எழுப்பத் தொடங்கினான். பார்கவி ஓடிப்போய்ப் போன்களை எடுத்து, இப்போ வந்துடும் சார், இப்போ வந்துடும் என்று தெரிந்த நாலு ஹிந்தி வார்த்தையில் சமாளித்தாள்.

எல்லாம் எழுந்து ஓடத் தொடங்கியதை ஹோமி சேட் திரையில் பார்த்தார். பிறகு ஹிந்தியில் கேட்டார், குரலை உயர்த்தாமல்: “என்ன நடந்தது?”

ஸ்ரீவத்சன் மேல்அம்புக் குறியைத் தட்டித் தட்டி, அடித்த கட்டளைகளில் பின்னோக்கிப் போனான். அவள் அடித்த வரி திரையில் திரும்ப வந்தது.

“ஹோஸ்டில் நின்று எல்லாவற்றையும் கொன்றிருக்கிறாள்,” என்று அவரிடம் ஹிந்தியில் சொல்லிவிட்டு, எஸ்தரிடம் திரும்பினான். “யாரும் இதை அடிக்கவே மாட்டாங்க. தெரியாதவங்களுக்கு இது தெரியாது, தெரிஞ்சவங்க பண்ண மாட்டாங்க. ஏன் அடிச்சீங்க?”

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. கை தவறிவிட்டது என்றிருக்கலாம், புது மெஷின், பழக்கமில்லை என்றிருக்கலாம். ஆனால் எஸ்தரின் கோபத்துக்கு ஒரு மானம் உண்டு. அது ஒளிந்துகொள்ளாது. நாற்காலியைத் திருப்பி, அவன் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

“வீட்ல நான் பழகற மெஷின்ல உங்க பேர்ல ஒரு ரூம் வெச்சிருக்கேன். பார்கவி பேர்ல ஒண்ணு. தினம் சாயங்காலம் பழகி முடிச்சதும் இப்டித்தான் உங்களைக் கொல்லுவேன். கொன்னுட்டுத்தான் சாப்பிடப் போவேன். கை அதுக்குப் பழகிடுச்சு.”

ஹோமி சேட்டுக்குத் தமிழ் புரியாது. என்ன சொல்கிறாள் என்று பார்கவியைப் பார்த்தார். பார்கவி சொல்லவில்லை.

எஸ்தர் காத்திருந்தாள். அவன் கத்துவான் என்று நினைத்தாள். கத்தினால் பதிலுக்கு வைத்துக்கொள்ள ஒரு வருஷத்துச் சரக்கு அவளிடம் தயாராக இருந்தது. ‘பந்த்’ என்று சிரித்தது, டெஸ்ட் மெஷினைத் தராதது, போனே போதும் என்றது, எல்லாவற்றையும் அவன் மூஞ்சியில் கொட்டிவிடவேண்டும். அப்படிக் கொட்டிவிட்டால் வேலை போனாலும் பரவாயில்லை.

ஸ்ரீவத்சன் கத்தவில்லை. அவனுக்கு நிஜமாகவே வியப்பாக இருந்தது.

“என் பேர்லயா?” என்றான். “எதுக்கு?”

“எதுக்கா? தெரியாதா உங்களுக்கு?”

அவன் யோசித்துப் பார்த்தான். நடிப்பில்லை. நெற்றியைச் சுருக்கி, நல்ல பிள்ளையாக, வந்த நாள் முதல் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரலை, எஸ்தர். உண்மையைச் சொன்னா, ஆபீஸை விட்டு வெளியே போனா உங்களைப் பத்தி நான் ஒரு நாள்கூட நெனச்சதில்லை.”

எஸ்தர் நாற்காலியைத் திரும்பத் திரையின் பக்கம் திருப்பினாள். ஒரு வருஷமாக அடுக்கி வைத்த சரக்கை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. இவ்வளவு காலம் அடுப்பங்கரையில் யாரோடு மல்லுக்கு நின்றோம் என்று தெரியாதவளாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரி என்று ஒருவன் இருந்திருந்தால்கூடத் தோற்றதில் ஒரு கௌரவம் இருந்திருக்கும்.

ஹோமி சேட் நாற்காலியிலிருந்து எழுந்தார். திங்கட்கிழமையைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. பார்கவியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, படியிறங்கிப் போனார். மரப்படி அவர் கனத்துக்கு முனகியது.

பார்கவி மேஜையருகே வந்து நின்றாள். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை.

“எஸ்தர், கொஞ்சம் எந்திரிக்கறீங்களா?” என்றாள். “நான் உக்காரணும்.”

எஸ்தர் எழுந்து இடம் விட்டாள்.